செத்தவங்களுக்குக் கட் கிடையாது

அக்டோபர் 9, வியாழன்

தேரிக்காட்டுக்கு வந்து இன்றோடு ஆறு நாள். காதில் மணல், பல்லில் மணல், குடிக்கிற டீயில் மணல். திருச்செந்தூர்ப் பக்கம் இப்படி ஒரு செம்மண் பாலைவனம் இருக்கிறது என்று எந்தப் புண்ணியவான் டைரக்டரிடம் சொன்னானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

அசுரர் படைக்கும் மலைநாட்டுப் படைக்கும் கடைசி யுத்தம். பறக்கும் யாளி, நெருப்புக் கக்கும் மலை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர்காரர்கள் பிறகு போட்டுக்கொள்வார்கள். நான் மேய்க்க வேண்டியது ரத்தமும் சதையுமான அறுநூறு பேரை. இவர்களை அறுபதாயிரம் ஆக்கிவிடுவார்களாம். இட்லியை மட்டும் யாரும் பெருக்கித் தரவில்லை. இன்று கடைசி வரிசைக்கு வெறும் சட்னிதான் கிடைத்தது. கேட்டதற்கு மேனேஜர் வைத்தி, "அசுரன்தானே மேடம், பசிச்சா முகத்துல ஆக்ரோஷம் நல்லா வரும்" என்றார். அந்த ஆளை அந்த யாளியே தூக்கிக்கொண்டு போகட்டும்.

என் பதவி பெயருக்குக் கோ-டைரக்டர். உண்மையில் நான் ஒரு மைக். பத்தொன்பது வருடமாக யார் யாருடைய படத்துக்கோ தொண்டை கிழியக் கத்துகிறேன். இந்தப் படம் முடிந்ததும் அடுத்தது உன் படம் என்று புரொட்யூசர் சொல்லியிருக்கிறார். பிள்ளையார் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதை நம்பித்தான் இந்த வெயிலில் நிற்கிறேன்.

இன்று பிணங்களால் மானம் போயிற்று. டைரக்டர் "கட்" சொன்னதும் செத்துக் கிடந்த நூற்றிருபது பேரும் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது எவன் எங்கே செத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மறுபடி அடுக்க முக்கால் மணி நேரம். டைரக்டர் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்: "திலகவதி, உங்களால பொணத்தக்கூட கன்ட்ரோல் பண்ண முடியாதா?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. மைக்கை எடுத்தேன். "எல்லாரும் கேட்டுக்கங்க! டைரக்டர் சொல்ற கட் உயிரோட இருக்கறவங்களுக்கு. செத்தவங்களுக்குக் கட் கிடையாது! என் குரல்ல 'எந்திரிங்க'ன்னு கேட்டாத்தான் எந்திரிக்கணும். நடுவுல எவன் அசைஞ்சாலும் அவன் நாளைக்கு வரவேணாம்!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல். "எக்கா, மூக்குல ஈ உக்காந்தா?"

"செத்தவன் மூக்குல ஈ உக்காரத்தான் செய்யும்!"

அறுநூறு பேரும் சிரித்தார்கள். கேட்டவன் பெயர் சேர்மத்துரை. அறுநூறு பேர் பட்டியலில் நம்பர் இருநூற்றுப் பதினாலு. இவர்களில் ஐநூறு பேர் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்துக்காரர்கள். மழை மாதம் நெருங்கினால் அளத்தை மூடிவிடுவார்கள், வேறு வேலை கிடையாது. மேஸ்திரி சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பழகியவர்கள். அதற்குப் பிறகு ஒருவன் அசையவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஒவ்வொரு பிணத்தைச் சுற்றியும் சுண்ணாம்புத் தூளால் கோடு போட வைத்தேன். மார்க்கவசத்துக்குள் நம்பர் சீட்டு. ஒவ்வொரு டேக்குக்கும் மேலிருந்து போட்டோ. வேலை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் சொன்ன வசனம் யூனிட் முழுக்கப் பரவிவிட்டது. டீக்காரர்கூடக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, "செத்தவங்களுக்கு டீ கிடையாது" என்கிறார். பெருமையாகத்தான் இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்.

சேர்மத்துரையின் மனைவி முத்துக்கனி காஸ்ட்யூம் கூடாரத்தில் சாய ரத்தம் துவைக்கிறாள். "தெனமும் இந்த மனுசன் சாவுதாரு, தெனமும் நான் ரத்தங் கழுவுதேன். நல்ல குடும்பம் எக்கா" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

அக்டோபர் 11, சனி

மாலை ஆறு மணி. பேக்கப் ஆகிவிட்டது. வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று குதிரைகள். நாற்பது குதிரைகள் பிணக்காட்டுக்குப் பக்கத்தில் பாய்ந்து போகவேண்டும். கிழக்கே மேகம் திரண்டுகொண்டே இருந்ததால் டைரக்டர் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி மாதிரி இருந்தார். இரண்டாவது டேக் முடிந்ததும் அவருக்குக் குதிரைகள் கேமராவுக்கு இன்னும் பக்கத்தில் வேண்டுமாம். ஸ்டண்ட் மாஸ்டர் தாவூத் குதிரைப் பாதையைக் காட்டும் மஞ்சள் கொடிகளைப் பிடுங்கி, பிணங்கள் பக்கமாகத் தள்ளி நட்டார். வாக்கி-டாக்கியில் ஆளாளுக்குக் கத்தினார்கள். நானும் ஓகே ஓகே என்று கத்திவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

நாலாவது டேக் முடிந்ததும், டைரக்டர் இன்னும் ஒன்று என்றார். பிணங்கள் நெளிய ஆரம்பித்துவிட்டன. ஒருவன் தலையைத் தூக்குகிறான், ஒருவன் தொடையைச் சொறிகிறான். இருநூற்றுப் பதினாலு மட்டும் குப்புறக் கிடந்தபடி கல்லாகக் கிடந்தான். மைக்கில் சொன்னேன்: "இருநூத்திப் பதினாலப் பாருங்கய்யா! ஒரு முடி அசையல. செத்தா இப்படிச் சாகணும்! அவருக்கு ஒரு கைதட்டுக் குடுங்க!" நின்றுகொண்டிருந்த அசுரர்கள் வாளால் கேடயத்தில் தட்டினார்கள். தேரிக்காடே அதிர்ந்தது. ஐந்தாவது டேக் ஓகே. வெளிச்சம் போவதற்குள் முடித்தோம். "எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக டைரக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டி

ஏழே முக்கால். மேலே உள்ள வரியை முடிக்கவில்லை. முடிக்கவும் போவதில்லை. வேன் கதவைத் தட்டினார்கள். சேர்மத்துரை எழுந்திருக்கவில்லையாம். நாலு பேர் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். வலது கால் முட்டிக்குக் கீழே கால் மாதிரியே இல்லை. குதிரை மிதித்திருக்கிறது. முத்துக்கனி கூடாரத்திலிருந்து சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்து ஜீப்பில் ஏறினாள்.

ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்டேன். ஹீரோவுக்குத் தலைவலி என்று ஹோட்டலுக்குப் போயிருக்கிறதாம்! வைத்தியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிடித்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

தாவூத் மாஸ்டரிடம் நேராகப் போனேன். "கொடியைத் தள்ளி நட்டீங்களே, ஓரத்துல பத்து உசுரு படுத்திருக்குன்னு தெரியாதா மாஸ்டர்? கண்ணு பொடனியிலயா இருக்கு?"

அவர் குதிரைக்குக் கொள்ளு கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "வாக்கில சொன்னேன் திலகா. ஓரத்துல இருக்கற பத்துப் பேர நகத்துன்னு சொன்னேன். நீ ஓகேன்னியே."

பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. வாக்கியில் அத்தனை இரைச்சல், அதில் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்குத் தெரியும்? இருபத்தைந்து வருடம் குதிரை மேல் உட்கார்ந்தவருக்கு நேரில் வந்து சொல்லத் தெரியாதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

மதியம் காஸ்ட்யூம்காரர் அவனுடைய கேடயத்தைக் கொண்டுவந்து காட்டினார். கையில் மாட்டுகிற ரெக்சின் வாரில் பல் பதிந்திருந்தது. ஒரு இடத்தில் அறுந்தே போயிருந்தது.

மயங்கிக் கிடந்தான் என்றுதான் நான் நேற்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். என்ன புத்தியோ.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "ரெண்டு எடத்துல முறிவு. மேல உள்ளது சாதாரண முறிவு. அத மட்டும்னா மூணு மாசத்துல நடந்துருவார். கீழ உள்ளதுதான் நொறுங்கிருக்கு. ஒரே மிதியில இப்படி ஆகாது. ரெண்டு தடவை மிதி வாங்கிருக்கார்." இன்னும் இரண்டு ஆபரேஷன் வேண்டுமாம். அப்புறமும் உப்பளப் பாத்தியில் நின்று வேலை செய்ய முடியுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

இரண்டு தடவை. நாலாவது டேக்கில் ஒன்று. ஐந்தாவதில் ஒன்று.

சேர்மத்துரை என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான். "படுங்க, படுங்க" என்றேன்.

"ஷாட்டு ஓகேதான எக்கா?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ஷாட்டு கெடக்குது மயிரு! முதல் தடவை மிதிச்சப்பவே ஏன்யா கத்தல? வாய் இல்ல உனக்கு?"

அவன் மனைவியைப் பார்த்தான், பிறகு என்னை. "கத்தத்தான் வாயத் தொறந்தேன். நீங்கதான சொன்னிய, செத்தவங்களுக்குக் கட் கெடையாதுன்னு. செத்த நேரம் பல்லக் கடிச்சிக்கிட்டா நீங்க எந்திரிங்கன்னு சொல்லிருவியன்னு நெனச்சேன். பொறவு நீங்க மைக்குல எம் பேரச் சொல்லி..."

"நம்பர்தான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஊர்க்காரன் அம்புட்டுப் பேரும் கேடயத்தத் தட்டுதான். அளத்துல இருவது வருசம் உப்பு வாருதேன், ஒருத்தனும் எனக்குக் கை தட்டுனதில்ல. அதுக்கப்பொறம் எப்படி எக்கா அசைய?"

முத்துக்கனி ஆப்பிள் பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 14, செவ்வாய்

டைரக்டர் மானிட்டரில் ஐந்தாவது டேக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். "குப்புறக் கிடக்கிற அந்த ஆள் எவ்வளவு நேச்சுரல் பாருங்க" என்கிறார். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

வைத்தி ஒரு கடிதத்தோடு வந்தார். கம்பெனி லெட்டர்பேடில் டைப் அடித்தது. கூட்டத்துக்குப் பொறுப்பு நான் என்பதால் என் கையெழுத்து வேண்டுமாம். "மேற்படி நபர் அறிவுறுத்தலை மீறித் தனக்கென்று குறிக்கப்பட்ட இடத்தைவிட்டு நகர்ந்து குதிரைப் பாதைக்குள் சென்றதால்" என்று போகிறது.

"அவன் நகரல சார். நகராததுதான் அவன் செஞ்ச தப்பு" என்றேன்.

"மேடம், கொஞ்சம் பிராக்டிகலா பாருங்க. தப்பு நம்ம மேலன்னு எழுதினா போலீஸ் வரும், இங்க ஷூட்டிங் பர்மிஷன் போகும். தப்பு அவன் மேலன்னா எல்லாரும் தப்பிச்சோம். முதல் ஆபரேஷன நாம பார்த்தாச்சு."

"மீதி ரெண்டு ஆபரேஷன்?"

"தப்பு அவன் மேலன்னா இன்சூரன்ஸ் வராது. நாம என்ன பண்ண முடியும்? அவனுக்கு சினிமா சங்கத்துக் கார்டும் கிடையாது, கேக்க ஆளும் கிடையாது." கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு இதையும் சொன்னார்: "புரொட்யூசர் உங்க கதைய அடுத்த வாரம் கேக்கறேன்னு சொல்லச் சொன்னார்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டேன் என்று எழுதத்தான் ஆசை. கிழிக்கவில்லை. பத்தொன்பது வருடம் என்பது கொஞ்ச நாளா?

அக்டோபர் 16, வியாழன்

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். தாவூத் மாஸ்டர் பொய் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறேன். எழுத்து நன்றாக அழுத்தமாக, முத்து முத்தாக இருக்கிறது.

மாஸ்டர் சொன்னார். எனக்குக் கேட்டது. "திலகா, ஓரத்துல பத்துப் பேர நகத்து." ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. பத்துப் பேரை எழுப்பி, சுண்ணாம்பை அழித்து, வேறு இடத்தில் படுக்க வைத்து, மறுபடி போட்டோ எடுத்தால் பதினைந்து நிமிடம் ஆகும், வெளிச்சம் போய்விடும், டைரக்டர் மறுபடி எல்லார் முன்னாலும் பிணத்தைக்கூட என்று ஆரம்பிப்பார் என்று கணக்குப் போட்டேன். கொடிக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. ஓகே ஓகே என்றேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

இதை யாராலும் நிரூபிக்க முடியாது. வாக்கியில் பேசுவது எங்கேயும் பதிவாகாது. ஐந்து நாளாக மாஸ்டரை, வைத்தியை, டைரக்டரை, மேகத்தை, குதிரையை என்று ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்துவிட்டேன். ஒரே ஒருத்திதான் பாக்கி இருந்தாள். அவளையும் இன்று கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, வாயில் வந்ததெல்லாம் கேட்டுவிட்டேன்.

காலையில் என் கையால் வேறு கடிதம் எழுதினேன். அவன் கோட்டுக்குள்ளேயே கிடந்தான், கொடிதான் நகர்ந்தது, நகர்த்தச் சொன்னதை நான் செய்யவில்லை, அடிபட்டு அசையாமல் கிடந்தவனுக்குக் கைதட்ட வைத்தேன். ஐந்து டேக் போட்டோக்களையும் சேர்த்து, ஒரு பிரதியைத் தாவூத் மாஸ்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இந்தப் பேப்பர் உன் சினிமாவுக்கு நீயே வச்சுக்கற கொள்ளி, தெரியுதா?" என்றார். பேனாவை வாங்கி, "நானும் நேர்ல வந்து பாத்திருக்கணும்" என்று அடியில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

வைத்தி படித்தார். போன் பேசிவிட்டு வந்து சொன்னார். "நாளைக்குக் காலைல கார் உங்களை ஸ்டேஷன்ல விட்டுரும். மைக்கை உங்க அசிஸ்டென்ட் ரகோத்தமன் பாத்துக்குவார். நீங்க இல்லன்னா என்ன, நான் குடுத்த லெட்டர்ல இன்னொரு காப்பி எடுத்து அவர் கையெழுத்துப் போட்டுக்கட்டும்."

பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கிளம்பி நேராகக் காஸ்ட்யூம் கூடாரத்துக்குப் போனேன். முத்துக்கனி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுபடி துவைக்க உட்கார்ந்திருந்தாள். வைத்தியின் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு என்னுடையதையும் வாசித்தேன். சாயத் தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். முடிந்ததும், "ரெண்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க" என்றாள். அங்கேயே எடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கார் தேரிக்காட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் ரகோத்தமன் குரல் வந்தது. நேற்று வரைக்கும் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். தொண்டையைச் செருமிக்கொண்டு அவன் கத்தினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! செத்தவங்களுக்குக் கட் கிடையாது!"

என் வசனம். என் ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் "மேடம், ட்ரெயினு" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி ஓடினேன். நாற்பத்திரண்டு வயதில் மணலில் ஓடினால் எப்படி இருக்கும் என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் குதிரைகள் வரிசையில் நின்றன. தாவூத் மாஸ்டர் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் குதிரைக்காரர்களை இறங்கச் சொன்னார். சுண்ணாம்புக் கோடுகளுக்குள் நூற்றிருபது பேர் கிடந்தார்கள். நடுவில் போய் நின்றேன். மைக் இல்லை. பத்தொன்பது வருடமாகக் கத்திய தொண்டை இருந்தது.

"எந்திரிங்க!"

முதலில் யார் எழுந்தது என்று தெரியவில்லை. ஒருவன், நாலு பேர், பிறகு எல்லாரும். செத்தவர்கள் எழுந்ததும், நின்றுகொண்டிருந்த அசுரர்களும் மலைநாட்டவர்களும் வாளைக் கீழே போட்டார்கள். முத்துக்கனி அனுப்பிய கடிதப் படங்கள் நேற்றே எல்லார் போனுக்கும் போயிருக்கின்றன. எனக்கு அது தெரியாது. பேச்சு என்று நான் மனதுக்குள் தயார் செய்துகொண்டு ஓடிவந்ததெல்லாம் தேவையே படவில்லை.

வைத்தி ஓடிவந்தார். "என்னம்மா இது, பைத்தியக்காரத்தனம்? படுங்கய்யா எல்லாரும்!"

நரைத்த மீசைக்காரர் ஒருவர், நெற்றியில் பொய்க் கோடாலி செருகியிருந்தவர், நிதானமாகச் சொன்னார். "படுக்கோம் அண்ணாச்சி. சேர்மத்துரை மேல பழி போட்டு எழுதுன காயிதத்தக் கிழிங்க. இந்தம்மா எழுதுனதுல கம்பெனி சீல வைங்க. பொறவு படுக்கோம்."

"அதெல்லாம் ஆபீஸ் விஷயம்..."

"அப்போ பொணத்தையும் ஆபீஸ்ல இருந்தே கூட்டியாங்க."

யாரும் சத்தம் போடவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மானிட்டரிலிருந்து டைரக்டர் கத்தினார். "யோவ் வைத்தி! எதையாவது பண்ணித் தொலைய்யா, வெளிச்சம் போகுது!" அந்த ஆளுக்கு அப்போதும் வெளிச்சம்தான் கவலை. இந்த ஒரு தடவை அது உதவியது.

ரகோத்தமன் கையெழுத்துக்கு வைத்திருந்த கடிதம் எங்கள் கண் முன்னால் கிழிந்தது. என் கடிதத்தில் வைத்தி சீல் வைத்தார். நான் மைக்கை ரகோத்தமன் கையிலிருந்து வாங்கி ஒன்றே ஒன்று சொன்னேன். "யாருக்கு அடிபட்டாலும் கத்துங்க. செத்தவன் கத்தினாலும் கட்தான்." பிறகு மைக்கை மணலில் வைத்துவிட்டு வந்தேன். என் படம் அந்த மைக்கோடு போயிற்று என்று எனக்குத் தெரியும். புரொட்யூசர் இன்னும் போன் பண்ணவில்லை, பண்ணவும் மாட்டார்.

ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். முத்துக்கனியும் காரில் வந்தாள். வழியெல்லாம் சீல் வைத்த கடிதத்தைத் துணிக்குள் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாள்.

சேர்மத்துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் நகர்த்தச் சொன்னதை, எனக்குக் கேட்டதை, பதினைந்து நிமிடக் கணக்கை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கால் கட்டுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்ததால் தலை மட்டும்தான் திரும்பியது. நான் போய்விடலாமா என்று நின்றேன். முத்துக்கனி பேச்சை மாற்றுவதற்காக, இன்று தேரியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நூத்திருவது பேருமா எந்திரிச்சான்?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"அம்புட்டுப் பேரும். எக்கா ஒரே ஒரு சத்தந்தான் குடுத்தாவ."

அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. முதல் தடவையாக அவனுக்குக் கோபம் வந்து பார்த்தேன். அந்தக் கோபத்தில் ஒரு குன்றிமணி கூட அதிகமில்லை.

"அந்த ஒத்த வார்த்தைய அன்னிக்குக் கொஞ்சம் முந்தி சொல்லியிருக்கலாம்லா எக்கா."

சொல்லியிருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரயில் போய்விட்டது. நாளை காலை இரண்டாவது ஆபரேஷன், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று நர்ஸ் வந்து சொன்னாள், என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.